நெறிவழுவா மாந்தரின் புறப்பாடு: மேசைப் பாத்திரமேற்பு விளையாட்டும் பெரும்பூதூர்க் கதைமரபும்

ஆய்வுச்சுருக்கம்

மேசைப் பாத்திரமேற்பு விளையாட்டுகளில் நெறிவழுவாத பாத்திரத்தைச் சாகசத்திற்குப் புறப்படச் செய்வது கடினம் என்ற கருத்து அவ்விளையாட்டுகளின் தொடக்கம் முதலே நிலவி வருகிறது. இக்கடினம் பாத்திரத்தின் இயல்பால் விளைவதில்லை, புறப்பாட்டிற்கு விளையாட்டு வகுத்துத்தரும் காரணங்கள் குறைவாக இருப்பதால் விளைகிறது என்பது இக்கட்டுரையின் கருதுகோள். தொல்காப்பியத்தின் பிரிவிலக்கணம், ஸ்ரீபெரும்புதூரில் பிறந்த இராமானுசரைப் பற்றிய குருபரம்பரைக் கதைகள், அதே வட்டாரத்தில் 2024ஆம் ஆண்டு நிகழ்ந்த தொழிலாளர் வேலைநிறுத்தம் ஆகிய மூன்றையும் துணைக்கொண்டு இக்கருதுகோள் ஆராயப்படுகிறது. நெறிகளுக்குள் உள்ள படிநிலையும், பாத்திரம் தானே ஏற்கும் கடனும் புறப்பாட்டின் வலுவான காரணங்கள் என்பது கட்டுரையின் முடிவு.

திறவுச்சொற்கள்: பாத்திரமேற்பு விளையாட்டு, நெறிச்சார்பு, பிரிவு, செலவழுங்குதல், குருபரம்பரை, ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம்

முன்னுரை

டேபிள்டாப் ரோல்பிளேயிங் கேம் என வழங்கும் மேசைப் பாத்திரமேற்பு விளையாட்டில் நான்கைந்து பேர் ஒரு மேசையைச் சுற்றி அமர்வர். ஒவ்வொருவரும் ஒரு கதைமாந்தரை ஏற்று அவருக்காகப் பேசவும் முடிவெடுக்கவும் செய்வர். ஒருவர் மட்டும் கதைநடத்துநராக இருந்து உலகையும் அதில் நிகழ்வனவற்றையும் விவரிப்பார். ஐயத்திற்குரிய செயல்களின் விளைவைப் பகடை தீர்மானிக்கும். எழுதி முடிக்கப்பட்ட கதை இங்கு இல்லை. கூடியிருப்போர் பேசப் பேசக் கதை உருவாகிறது. இவ்வகையில் இது நிகழ்த்துகலைக்கும் வாய்மொழிக் கதைமரபிற்கும் அண்மையது. எனினும் தமிழாய்வு இதனைப் பெரிதாகக் கருதியதில்லை.

இவ்விளையாட்டில் திரும்பத் திரும்ப எழும் ஒரு சிக்கல் உண்டு. சட்டத்தையும் கடமையையும் மதிக்கும் பாத்திரம் ஏன் வீட்டைவிட்டுக் கிளம்பவேண்டும்? திருடனுக்குப் பொருளாசை உண்டு. நாடோடிக்குப் போக்கிடமே வாழ்வு. ஊர்க்காவலரோ கோயில் பணியாளரோ எழுத்தரோ தமது இடத்தில் இருப்பதே அவர்தம் நெறி. அவர்களைக் கிளப்புவது எவ்வாறு என்னும் வினா, கதைக்கலை பற்றிய வினாவாகவும் நெறி பற்றிய வினாவாகவும் அமைகிறது.

சிக்கலின் தோற்றுவாய்

கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னசன் ஆகியோர் உருவாக்கி 1974இல் வெளிவந்த ‘டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ இவ்வகை விளையாட்டுகளின் முன்னோடி. அதில் ஒவ்வொரு பாத்திரமும் நெறி, நடுநிலை, குழப்பம் என்னும் மூன்று சார்புநிலைகளுள் ஒன்றைச் சேர்ந்ததாகும். 1978இல் வெளியான மேம்பட்ட பதிப்பின் ஆட்டக்காரர் கையேட்டில் நன்மை, தீமை என்னும் மற்றோர் அச்சும் இணைந்து சார்புநிலைகள் ஒன்பதாயின. 1975இல் துணைநூல் ஒன்றின்வழி அறிமுகமான ‘பாலடின்’ என்னும் அறவீரன் நெறிச்சார்பு உடையவனாகவே இருக்கவேண்டும். நெறி பிறழ்ந்தால் அவன் தன் சிறப்பாற்றல்களை இழப்பான்.

இங்கு ஒரு முரண் உள்ளது. அத்தொடக்ககால விதிகளின்படி பாத்திரம் வளர்வதற்கான அனுபவப் புள்ளிகளுள் பெரும்பகுதி, நிலவறைகளிலிருந்து மீட்டுவரும் பொற்காசுகளின் எண்ணிக்கையால் கிடைத்தது. ஒரு பொற்காசுக்கு ஒரு புள்ளி என்பது கணக்கு. ஆகவே விளையாட்டு ஒரு கையால் நெறிவழுவாப் பாத்திரத்தைப் படைத்து, மறுகையால் பிறர் புதையலை எடுப்பவருக்கே வளர்ச்சியை வழங்கியது. நெறியாளர் தயங்கினார் என்றால் அத்தயக்கத்தை விதிகளே உண்டாக்கின. ஆனால் பழி பாத்திரத்தின்மேல் விழுந்தது. நெறிச்சார்புடைய மடையர் எனப் பொருள்படும் கேலிப்பெயர் ஆட்டக்காரரிடையே நிலைபெற்றதும் இதனாலேயே.

கதைநடத்துநர்கள் வழக்கமாகக் கைக்கொள்ளும் தீர்வுகள் மூன்று. முதலாவது, பேரிடர். ஊர் எரிக்கப்படுகிறது, இனி வீடு இல்லை என்பதால் பாத்திரம் கிளம்புகிறது. இரண்டாவது, ஆணை. மன்னனோ மடத்தலைவரோ போகச் சொல்கிறார். மூன்றாவது, தளர்த்தல். பாத்திரம் தன் நெறியைச் சற்றே விட்டுக்கொடுக்குமாறு குழுவினர் வற்புறுத்துவர். பேரிடர் நெறியைத் தேவையற்றதாக்குகிறது. ஆணை நெறியாளரை ஏவலராக்குகிறது. தளர்த்தல் அவரை வேறொருவராக்குகிறது. மூன்றிலும் நெறி, கதையை நகர்த்தும் ஆற்றலாகப் பயன்படவில்லை என்பது குறிப்பிடத்தக்கது.

பிரிவிலக்கணம் கூறும் காரணங்கள்

இல்லறத்தில் நிலைபெற்ற ஒருவன் எதன்பொருட்டு வீட்டைவிட்டுச் செல்லலாம் என்பதைத் தொல்காப்பியம் இலக்கணமாகவே வகுத்துள்ளது. ஓதல், பகை, தூது, காவல், பொருள் என அகத்திணையியல் பிரிவிற்கான காரணங்களைச் சுட்டுகிறது. பிற்கால நூலான நாற்கவிராச நம்பியின் அகப்பொருள் விளக்கம் பரத்தையிற் பிரிவையும் சேர்த்துப் பிரிவை ஆறாகத் தொகுக்கிறது. இவற்றுள் கல்விக்கும் காவலுக்கும் தூதிற்கும் வேந்தனுக்குத் துணையாகவும் செல்வது, நெறியை மீறிச் செல்வதாகாது. நெறியே அவனைச் செலுத்துகிறது. டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸின் முதற்பதிப்பு இக்காரணங்களுள் பொருள் ஒன்றையே தன் கணக்கில் முதன்மையாக வைத்தது எனலாம்.

கற்பியல் இப்பிரிவுகளுக்குக் கால வரம்பும் விதிக்கிறது. கல்விக்குப் பிரிந்தவன் மூன்றாண்டைக் கடத்தலாகாது. வேந்தன் பணிமேற் சென்றவன் ஓராண்டிற்குள் மீளவேண்டும். பிற பிரிவுகளும் அவ்வாறே. செல்வதற்கு உரிமை தரும் நெறி, திரும்புவதற்குக் கடமையும் தருகிறது. கிரெக் ஸ்டாஃபோர்டு உருவாக்கி 1985இல் வெளிவந்த ‘பென்டிராகன்’ என்னும் விளையாட்டு இதற்கு அண்மையில் வருகிறது. அதில் ஆண்டுக்கு ஒரு சாகசம் நிகழும். குளிர்காலத்தில் வீரன் தன் நிலத்திற்கும் குடும்பத்திற்கும் திரும்புவான். தலைவன்மேல் கொண்ட பற்று, குடும்ப அன்பு, விருந்தோம்பல் முதலியன எண்களாகக் குறிக்கப்பட்டுப் பாத்திரத்தை உந்துகின்றன. அவ்விளையாட்டில் கடமையுடைய வீரன் சிக்கலாகக் கருதப்படுவதில்லை. அவனே இயல்பான கதைமாந்தன்.

செலவழுங்குதல் என்னும் துறை மேலும் கூர்மையான பார்வையை அளிக்கிறது. புறப்பட எண்ணிய தலைவன் தயங்கி நிற்பது செல்லாமை ஆகாது. பிரிவால் வருந்துபவரை ஆற்றுவித்தற்பொருட்டு நிகழும் தாமதமே அது எனக் கற்பியல் விளக்குகிறது. தயக்கம் பயணத்தின் முதற்பகுதி என்பதே இதன் பொருள். விளையாட்டு மேசையிலோ நெறியாளரின் தயக்கம் ஆட்டத்திற்குத் தடையாகவும் பிறருடைய நேரத்தை வீணாக்குவதாகவும் எண்ணப்படுகிறது. யாரை விட்டுச் செல்கிறார், அவரிடம் என்ன சொல்வார் என்று கதைநடத்துநர் கேட்பாராயின், அத்தயக்கமே முதற்காட்சியாகும். பாலைத்திணைப் பாடல்களில் தலைவன் தன் நெஞ்சோடு வழக்காடும் இடங்கள் இதற்குச் சான்று.

மடங்கியிருந்த மூன்று விரல்கள்

இலக்கணம் காரணங்களைப் பட்டியலிடுகிறது. ஒரு காரணம் ஒரு மனிதரை எவ்வாறு பற்றுகிறது என்பதைக் காட்டக் கதை வேண்டும். அத்தகைய கதைமரபு ஒன்று ஸ்ரீபெரும்புதூருக்கு உரியது. மரபு கூறும் காலக்கணக்கின்படி 1017இல் அவ்வூரில் பிறந்த இராமானுசர், ஆதிகேசவப் பெருமாள் கோயிலில் ‘தானுகந்த திருமேனி’யாக இன்றும் வழிபடப்படுகிறார். குருபரம்பரை நூல்கள் கூறுவனவற்றை வரலாற்றுச் செய்திகளாகக் கொள்வதா என்பது தனி ஆய்வு. இங்கு அவை கதைகளாகவே நோக்கப்படுகின்றன.

இக்கதைகளில் இராமானுசர் பெரும்பயணி. ஆனால் அவர் எந்தப் பயணத்தையும் சாகச விருப்பால் தொடங்குவதில்லை. முதற்பயணம் ஆசிரியர் யாதவப்பிரகாசருடன் காசிக்கு. மாணவர் ஆசிரியரைப் பின்செல்லவேண்டும் என்பதால் செல்கிறார். விந்தியக் காட்டில் தம்மைக் கொல்லச் சூழ்ச்சி நடப்பதைச் சிற்றன்னை மகன் கோவிந்தர்வழி அறிந்து விலகுகிறார். வேடர் உருவில் வந்த இணையர் அவரைக் காஞ்சிக்கு அருகில் சேர்க்கின்றனர். நெறிப்படி கிளம்பியவர், நெறியைக் காக்கவேண்டியவரே அதனை முறித்ததால் இடருக்கு உள்ளாகிறார்.

அடுத்து வருவது ஆளவந்தார் மறைவு. அவரைக் காணத் திருவரங்கத்திற்கு விரைந்த இராமானுசர் அவரது திருமேனியையே காண்கிறார். கையில் மூன்று விரல்கள் மடங்கியிருந்தன. நிறைவேறாத விருப்பம் இருந்ததோ என இராமானுசர் வினவி, பிரம்மசூத்திரத்திற்கு உரை காண்பதாகவும், பராசரர், வியாசர் ஆகியோருக்கு நன்றிக்கடன் செலுத்துவதாகவும், நம்மாழ்வாருக்குச் செய்யவேண்டியதைச் செய்வதாகவும் ஒவ்வொன்றாக உறுதி கூற, விரல்கள் ஒவ்வொன்றாக நிமிர்ந்தன என்பது வழக்கு. உறுதிமொழிகளின் உள்ளடக்கம் நூலுக்கு நூல் சிறிது வேறுபடுகிறது.

கதைக்கலை நோக்கில் இக்காட்சி மிகச் செறிவானது. இறந்தவர் ஆணையிடவில்லை, அவரால் பேச இயலாது. விரல்களைக் கண்டு பொருள் கொண்டவர் இராமானுசர். கடன் இன்னது என்று பெயரிட்டவரும் அவரே. ஆணை என்னும் வழக்கமான தீர்விலிருந்து இக்காட்சி வேறுபடுவது இங்குதான். வெளியிலிருந்து ஒரு குறிப்பு வருகிறது. அதைக் கடனாக்குவது பாத்திரத்தின் நெறியுணர்வு. பிற்காலப் பயணங்கள் பல இக்கடனிலிருந்தே கிளைக்கின்றன. சூத்திர உரைக்குப் போதாயன விருத்தி தேவைப்பட்டதால் காஷ்மீரத்திற்குச் செல்லவேண்டியதாயிற்று. ஏட்டை உடன் வைத்துக்கொள்ள இயலாமற்போனபோது, படித்ததை நினைவில் இருத்தியிருந்த கூரத்தாழ்வான் கைகொடுத்தார். கூரத்தாழ்வானின் மகன் பராசர பட்டர் என்று பெயர் பெற்றார். திருவாய்மொழிக்குத் திருக்குருகைப்பிரான் பிள்ளான் ஆறாயிரப்படி உரை எழுதினார். ஒருவர் ஏற்ற கடனைப் பலர் கூடி அடைத்தனர். குழுவாக ஆடும் விளையாட்டிற்கு இதைவிடப் பொருத்தமான கட்டமைப்பு அரிது.

நெறிகளின் படிநிலை

கடன் மட்டும் போதாது. நெறியும் நெறியும் மோதும் இடமும் வேண்டும். திருக்கோட்டியூர்க் கதை அத்தகையது. பதினெட்டு முறை நடந்து சென்று பெற்ற மறைபொருளை வெளியிடலாகாது என்பது ஆசிரியர் இட்ட நெறி. வெளியிட்டால் நரகம். இராமானுசர் வெளியிட்டார். பலர் உய்வர் எனில் தாம் ஒருவர் நரகம் புகுவதை ஏற்பதாகக் கூற, நம்பி அவரைத் தழுவி ‘எம்பெருமானார்’ என அழைத்தார் என்பது மரபு. அவர் கோபுரத்தின்மேல் ஏறி அனைவருக்கும் உரக்கக் கூறியதாகப் பொதுமக்கள் வழக்கு நினைவுகொள்கிறது. எவருக்கு, எவ்வாறு வெளியிட்டார் என்பதில் எல்லாக் கூற்றுகளும் ஒன்றுபோல் இல்லை. இவ்வேறுபாடும் கருதத்தக்கது: நெறிமீறலின் அளவைப் பெரிதாக்கிய பொதுமக்கள் வழக்கு, இராமானுசரை நெறியற்றவராக்கவில்லை, மேலும் நெறியுடையவராகவே கண்டது. தண்டனையை மறுக்காமல் ஏற்றுக்கொண்டே மீறினார் என்பது இதற்குக் காரணமாகலாம்.

சோழ மன்னனின் நெருக்குதல் பற்றிய கதையில் இப்படிநிலை உடையின்வழி புலப்படுகிறது. அம்மன்னன் யார் என்பதில் வரலாற்றாசிரியரிடையே கருத்தொற்றுமை இல்லை. துறவியான இராமானுசர் வெள்ளுடை அணிந்து திருவரங்கத்தைவிட்டு மேலைநாடு சென்றார். இல்லறத்தாரான கூரத்தாழ்வான் காவியுடை அணிந்து அவருக்கு மாறாக அரசவைக்குச் சென்று, இறுதியில் பார்வையை இழந்தார். இருவரும் தத்தம் நிலைக்குரிய உடைநெறியை விட்டனர். ஒருவர் சமயத்தைக் காக்கவும் மற்றவர் ஆசிரியரைக் காக்கவும் அவ்வாறு செய்தனர். அடையாளம் பற்றிய நெறி தாழ்ந்து, உறவும் கடனும் பற்றிய நெறி உயர்கிறது. கூரத்தாழ்வான் இக்கதையின் மிக அமைதியான மாந்தர். மிக இடர்மிக்க செயலைச் செய்தவரும் அவரே. நெறியாளர் சாகசத்திற்கு ஆகார் என்னும் கருத்திற்கு இதனினும் வலிய மறுப்பு வேண்டுவதில்லை.

டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸின் 2014ஆம் ஆண்டு ஐந்தாம் பதிப்பு இத்திசையில் நகர்ந்துள்ளமை ஈண்டு நினைக்கத்தக்கது. அதில் பாலடினுக்குச் சார்புநிலைக் கட்டாயம் இல்லை; அவன் ஏற்கும் உறுதிமொழியே அவனை வரையறுக்கிறது. முன்பு என்ன செய்யக்கூடாது என்பதால் அறியப்பட்டவன், இப்போது எதற்குக் கடன்பட்டுள்ளான் என்பதால் அறியப்படுகிறான்.

தொழிற்சாலை வாயிலில்

இராமானுசர் பிறந்த ஊரைச் சூழ்ந்த வட்டாரம் இன்று இந்தியாவின் முதன்மையான உற்பத்தி மண்டலங்களுள் ஒன்று. இருங்காட்டுக்கோட்டையில் 1998இல் ஹூண்டாய் நிறுவனமும், ஒரகடத்தில் 2010இல் ரெனோ-நிசான் கூட்டு நிறுவனமும் கார் உற்பத்தியைத் தொடங்கின. நெறிவழுவா மாந்தர் இங்கு ஆயிரக்கணக்கில் உருவாக்கப்படுகின்றனர் எனலாம். ஷிப்ட் நேரம், அடையாள அட்டை, சீருடை, ஒவ்வோர் அசைவிற்கும் வகுக்கப்பட்ட பணிமுறை, கையொப்பமிடவேண்டிய செக் ஷீட் ஆகியன அவர்தம் அன்றாடம்.

இவ்வட்டாரத்தில் சாம்சங் மின்பொருள் ஆலைத் தொழிலாளர்கள் 2024 செப்டம்பர் 9 அன்று தொடங்கிய வேலைநிறுத்தம் அக்டோபர் 15 வரை 37 நாள்கள் நீடித்தது. ஊதியம், பணி நேரம் ஆகியவற்றோடு தம் சங்கம் ஏற்கப்படவேண்டும் என்பது அவர்களது முதன்மைக் கோரிக்கை. சங்கத்தின் பதிவு 2025 ஜனவரியில் நிறைவேறியது. ஊதியக் கோரிக்கை பிரிவிலக்கணம் கூறும் பொருளின்பாற்படும். சங்கப் பதிவோ அப்போது நடைமுறையில் இருந்த 1926ஆம் ஆண்டுத் தொழிற்சங்கச் சட்டம் ஏற்கெனவே வகுத்திருந்த நடைமுறை. சங்கம் அமைக்கும் உரிமை அரசமைப்புச் சட்டத்தின் 19ஆம் உறுப்பில் உள்ளது. புதியதொரு விதியை அவர்கள் கேட்கவில்லை. எழுதப்பட்ட விதி நிறைவேறவேண்டும் என்றே கேட்டனர். ஆலை விதிக்குப் பழகியவர்கள் ஆலைக்கு வெளியே அமர்ந்தது, அதனினும் மேலானதாக அவர்கள் கருதிய ஒரு விதியின்பொருட்டு. விதிகள் அனைத்தையும் எழுத்துப் பிசகாமல் பின்பற்றியே எதிர்ப்பைக் காட்டும் ‘விதிப்படி வேலை’ என்னும் போராட்ட வடிவமும் இவ்வுண்மையை வேறொரு வகையில் உணர்த்துகிறது.

இவ்வொப்பீட்டிற்கு எல்லை உண்டு. ஊதியமின்றிக் கழிந்த 37 நாள்களைச் சாகசம் என்று அழைப்பது அக்குடும்பங்களின் இழப்பைச் சிறுமைப்படுத்தும். விளையாட்டில் தோற்றவர் மறுவாரம் மீண்டும் ஆடலாம். வேலை இழந்தவர்க்கு அவ்வாய்ப்பு இல்லை. எனினும் நெறியாளர் எப்போது எழுவார் என்னும் வினாவிற்கு வாழ்க்கை தரும் விடை, விளையாட்டு தரும் விடையினும் நுட்பமானது என்பதை இந்நிகழ்வு காட்டுகிறது.

இவ்வட்டாரத்தையே களமாகக் கொண்ட ஒரு விளையாட்டைக் கற்பனை செய்து மேற்கண்டவற்றைப் பொருத்திப் பார்க்கலாம். பாத்திரம், வாகன உதிரிபாக ஆலை ஒன்றின் தர ஆய்வாளர். பத்தாண்டில் ஒருநாளும் தாமதமாக வந்ததில்லை. ஓர் இரவு ஷிப்டில், சோதிக்கப்படாத பிரேக் பாகங்களுக்குத் தம் கையொப்பம் இடப்பட்ட செக் ஷீட்டைக் காண்கிறார். ஆலை தீப்பற்றுகிறது என்று கதைநடத்துநர் தொடங்கினால் அவருடைய பத்தாண்டு ஒழுக்கத்திற்குக் கதையில் வேலையில்லை. ஊக்கத்தொகை உண்டு என்றால் அவர் மறுப்பார். அந்தத் தாளை மட்டும் அவர் கையில் கொடுத்து, லாரி விடியற்காலை புறப்படும் என்று கூறி, கதைநடத்துநர் அமைதியாக இருந்தால் போதும். மேலதிகாரிக்குக் கீழ்ப்படிதல், கையொப்பத்தின் உண்மை, அப்பாகம் பொருத்தப்பட்ட வண்டியில் செல்லப்போகும் முகமறியாதவர்க்குப் பட்ட கடன் ஆகிய மூன்று நெறிகளும் அவருக்குள் மோதும். எதை மேலே வைப்பது என்பதை ஆட்டக்காரரே தீர்மானிப்பார். அந்தத் தாள் மடங்கிய விரலின் பணியைச் செய்கிறது.

ஒரு மறுப்பு

கடமையைக் காரணமாக்கினால் ஆட்டக்காரரின் உரிமை குறையாதா என்னும் மறுப்பு எழக்கூடும். கதைநடத்துநர் ‘இது உன் கடமை’ என்று கூறத் தொடங்கினால் பாத்திரம் அவருடைய கருவியாகும். மரபுக்கதைகளிலும் இவ்விடர் உண்டு. குருபரம்பரைகள் சமயம் சார்ந்தோரால் தொகுக்கப்பட்டவை. கீழ்ப்படிதலைப் போற்றுவது அவற்றின் நோக்கங்களுள் ஒன்று. எனினும் அவற்றின் வலிமைமிக்க காட்சிகளில் கடமையைப் பிறர் விதிப்பதில்லை. ஆளவந்தார் பேசவில்லை, திருக்கோட்டியூர் நம்பி விதித்தது வெளியிடாமையையே, காவியுடையைக் கூரத்தாழ்வான் தாமே மேற்கொள்கிறார். ஆகவே கடனுக்குப் பெயரிடும் உரிமை ஆட்டக்காரரிடம் இருக்கும்வரை இம்மறுப்பு வலுப்பெறாது.

முடிவுரை

நெறிவழுவா மாந்தருக்குச் சாகச உந்துதல் இல்லை என்னும் கருத்து, பொன்னை அளவுகோலாகக் கொண்ட ஒரு விதித்தொகுதியின் எச்சம். தொல்காப்பியம் பொருளோடு கல்வி, காவல், தூது ஆகியவற்றையும் புறப்பாட்டின் காரணங்களாக ஏற்றுத் தயக்கத்தையும் பயணத்தின் பகுதியாக்கியது. பெரும்பூதூர்க் கதைமரபு, தானே ஏற்கும் கடனும் நெறிகளின் படிநிலையும் அமைதியான மனிதரை எவ்வளவு தொலைவு கொண்டுசெல்லும் என்பதைக் காட்டுகிறது. எனவே கதைநடத்துநர் நெறியாளரிடம் கேட்கவேண்டியவை மூன்று: யாருக்குக் கடன்பட்டிருக்கிறீர்? உம் நெறிகளுள் எது உயர்ந்தது? எவரிடம் விடைபெறவேண்டும்? இவற்றிற்கு விடை கூறிய பாத்திரத்தை எவரும் வாயிலுக்கு வெளியே தள்ளவேண்டியதில்லை.

தமிழ்க் கதைமரபுகளைக் களமாகக் கொண்டு இத்தகைய விளையாட்டுகளை வடிவமைப்போர், தெய்வங்களையும் படைக்கலங்களையும் மட்டும் எடுத்துக்கொண்டு நின்றுவிடாமல், பிரிவிலக்கணம் போன்ற கதையிலக்கணக் கூறுகளையும் விதிகளாக்க முயலலாம். அவ்வாய்வு இனி மேற்கொள்ளத்தக்கது.